சேனைக்குக் காத்திருந்த பிள்ளை

விஜயராணிக்கு மூக்கின் மேல் கோபம். திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் அவள் வேலை பார்த்த ஜவுளிக் கடைகள் அத்தனைக்கும் இது தெரியும். ஒரு கடையில் மேலாளர், "வேலை நேரத்துல என்ன உட்கார்ற?" என்று கேட்டதற்கு, மடித்துக்கொண்டிருந்த புடவையை அவர் மேசை மேலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள். அன்றைக்கும் வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. "பவுனம்மா சேனை வச்ச புள்ள வேற எப்படி இருக்கும்?" என்றார்கள். அதோடு விசாரணை முடிந்தது.

பிறந்த பிள்ளையின் வாயில், தாய்ப்பாலுக்கும் முன்னால், ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு அப்படியே வரும் என்பார்கள். இவளுக்கு வைத்தது அத்தை பவுனம்மாள். லால்குடிப் பக்கத்தில் அந்த அம்மாள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். அந்தப் பேச்சு விஜயராணியை விட்டதே இல்லை. அவள் நியாயத்துக்காகப் போட்ட சண்டையும் அத்தையின் சண்டையாகிவிடும். பெண் பார்க்க வந்த இரண்டு இடம் தட்டிப் போனதற்கும் அதுதான் காரணம் என்றார்கள். அவளும் நம்பினாள்.

அதனால் வயிற்றில் பிள்ளை தங்கியதுமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். என் பிள்ளைக்குச் சேனை வைக்கப்போவது அல்ஷிஃபா.

அல்ஷிஃபா கடையில் அவளோடு வேலை பார்ப்பவள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்து, பாதிக் கடையை இறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு "அப்புறம் வரேன்" என்று எழுந்து போனாலும், "வாங்க மாமி" என்று சிரித்தபடியே மடிக்க ஆரம்பிப்பாள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அந்தப் பொறுமை தன் பிள்ளைக்கு வேண்டும் என்று விஜயராணி தவம் கிடந்தாள்.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பிள்ளை வந்துவிட்டது. விடியற்காலையில் ஆபரேஷன், பெண் குழந்தை. அல்ஷிஃபாவோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நாகூர் போயிருந்தாள். போன் போட்டதும், "சாயந்திரத்துக்குள்ள வந்துடறேன்டி" என்றாள்.

சாயந்திரம்தானே என்று விஜயராணி நினைத்தாள்.

"புள்ள எடை கொஞ்சம் கம்மியா இருக்கும்மா. விடாம பால் குடுத்துக்கிட்டே இருக்கணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

"சரிங்க சிஸ்டர்."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டை மேலே போட்டு, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே நைட்டியின் பட்டனைத் திறக்கவே இல்லை. பிள்ளையின் வாய் துணியைத் தேய்த்துத் தேய்த்துத் தேடியது. "ஒரே ஒரு நாள் பொறுத்துக்கடி தங்கம். ஆயுசுக்கும் உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று காதில் சொன்னாள்.

அம்மா இல்லாத பெண் என்பதால் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது பவுனம்மாளேதான். விஜயராணியின் கண் அத்தையின் கையை விட்டு அகலவில்லை. பிள்ளை வீறிட்டபோது அத்தை டம்ளரோடு எழுந்தாள்.

"துளி சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கட்டுமா?"

"வேண்டாம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அத்தை டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "நான் வைக்கலடி. நீ பாலாவது குடுத்தியா?"

"குடுத்தேன் அத்தை."

நர்ஸ் கேட்டபோதும் அதையே சொன்னாள். கணவன் சரவணன், ஷேர் ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு ஓடி வந்து கேட்டபோதும் அதையே சொன்னாள். மூன்று பேரிடம் சொன்ன பிறகு பொய் சுலபமாகிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் பிள்ளை அழுவதை நிறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளை ஊரைக் கூட்ட, இது வாயைத் திறக்கவில்லை. விஜயராணிக்குப் பெருமை பிடிபடவில்லை. சேனை வைக்கும் முன்னாலேயே பொறுமை வந்துவிட்டது பாரேன்! அடிப்பாவி, அது பொறுமையா?

அல்ஷிஃபா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகத்தோடு பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளையின் கை துணி போலத் தொங்கியது. உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. சுண்டிப் பார்த்தாள், பிள்ளை காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"எப்ப பால் குடிச்சுது?"

"நீ வராம எப்படிடி குடுப்பேன்?" என்று விஜயராணி கிசுகிசுத்தாள்.

அல்ஷிஃபா கத்தினாள். "பைத்தியக்காரி! பச்ச மண்ணைப் பட்டினி போட்டா எனக்காகக் காத்துக்கிட்டு இருந்த? சிஸ்டர்! ஓடி வாங்க சிஸ்டர்!" பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினாள். அந்தக் குரலுக்கு முன்னால் பவுனம்மாளெல்லாம் ஒன்றுமே இல்லை.

பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு விஜயராணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். தையல் இழுத்தது. பிள்ளையின் குதிகாலில் குத்திப் பார்த்ததில் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. டிரிப் ஏற்றிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார், "பால் ஒழுங்கா குடிச்சுதா?"

"நல்லா குடிச்சுது டாக்டர். காலையிலேருந்து குடுத்துக்கிட்டேதான் இருக்கா" என்றான் சரவணன். அல்ஷிஃபா கத்தியபோது அவன் வெளியே ஆட்டோவில் இருந்தான், அவளையும் அத்தையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"குடிச்சும் இப்படின்னா கிருமித் தொற்றா இருக்கலாம். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டி வரும்."

விஜயராணி சரவணனைப் பார்த்தாள். சொன்னால் இவன் முகத்தில் எப்படி விழிப்பாள்? சொல்லாவிட்டால் அந்தப் பிஞ்சு முதுகில் ஊசி.

"குடுக்கல டாக்டர்" என்றாள். "ஒரு சொட்டு கூட குடுக்கல. பொய் சொன்னேன்."

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. "சரி, நல்ல வேளை சொன்னீங்க" என்று வேலையைப் பார்த்தார். சரவணன்தான் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

நர்ஸ் கற்றுக்கொடுத்தபடி விஜயராணி பாலைப் பீய்ச்சினாள். மஞ்சளாக, கெட்டியாக, பாலாடைச் சங்கின் அடி நனையும் அளவுக்குத்தான் சீம்பால் வந்தது. பிள்ளையின் கன்னத்துக்குள் விட்டார்கள். அது ஓரமாக வழிந்தது. "முழுங்குடி... அழுடி... என்னைத் திட்டியாவது அழுடி" என்று விஜயராணி மன்றாடினாள். நர்ஸ் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். தொண்டை ஒருமுறை அசைந்தது. பிறகு இன்னொரு முறை அசைந்தது.

சங்கு காலியானதும் முகம் சுருங்கியது. உதடு துடித்தது. இன்னும் வேண்டும் என்று பிள்ளை வீறிட்டது பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளும் எழுந்து அழுதன.

"அம்மாடி, என்ன கோவம் இந்தப் பொண்ணுக்கு!" என்றாள் நர்ஸ். "யாரைக் கொண்டு பொறந்திருக்கு இது?"

வாசலில் நின்ற அத்தையும் அல்ஷிஃபாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரவணன் மெல்லத் திரும்பினான்.

"என்னைத்தான்" என்றாள் விஜயராணி. நைட்டியின் பட்டனைத் திறந்து கையை நீட்டினாள். "குடுங்க சிஸ்டர், என் புள்ளைக்குப் பசிக்குது."