பூந்தமல்லி ரோட்டில் எண்ணெய் ஒழுகிய கார்

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புரசைவாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாக ஆவடி போய், அம்பத்தூர், பாடி வழியாகத் திரும்பினோம். போனது நானும் என் மனைவி அலமேலுவும். அவளுடைய அண்ணன் முருகேசன் ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் பயிர் வைக்கிறார். அவர் வீட்டில் விருந்து என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் அது காருக்கு வைத்த பரீட்சை.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய பழைய கார் அது. சரஸ்வதி பூஜை முடிந்த நாளிலிருந்து எஞ்சின் எண்ணெய் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் எஞ்சின் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார். இந்தப் பயணத்திலும் எண்ணெய் குறைந்தால் விற்றுவிட வேண்டும் என்றாள் அலமேலு. சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு மனசே இல்லை. அந்தக் கார் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பூந்தமல்லி பன்னிரண்டு மைல். அமைந்தகரை தாண்டியதும் ரோடு காலியாகிவிடும். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், மழை பெய்து கழுவிவிட்ட மரங்கள். ஆனால் நான் இயற்கையை ரசிக்கவில்லை. எண்ணெய் எஞ்சினுக்குள் எரிந்து போகிறதா, வெளியே ஒழுகுகிறதா என்பதுதான் என் கவலை. எரிந்தால் பின்னால் நீலப் புகை வரும். அதனால் அலமேலுவைப் பின்சீட்டில் திரும்பி உட்காரச் சொல்லியிருந்தேன்.

"புகை வருதா?"

"ஒண்ணியும் இல்லீங்க. கழுத்துதான் வலிக்கிது."

எனக்கு உயிர் வந்தது. எரியவில்லை என்றால் வளையம் தேயவில்லை.

குமணன்சாவடியில் காபி குடிக்க நிறுத்தினோம். காருக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தாளில் எஞ்சினின் முன்பக்கம் ஒரு கறை, பின்பக்கம் ஒரு கறை. பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர் குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனா, ரெண்டு பக்கமும் ஊத்துது? வண்டிக்கு வயசாயிட்சி, வேற இன்னா!"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் ஒழுகினால் அங்கே ஏதோ கெட்டுவிட்டது எனலாம். இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் எப்படிக் கெடும்?

பூந்தமல்லி வந்தபோது மேற்கே மழை கருத்துவிட்டது. எப்போதும் எஞ்சின் நன்றாக ஆறின பிறகுதான் எண்ணெய் ஊற்றுவேன். அன்று அவசரம். நிறுத்திய கையோடு துணியைச் சுற்றி எண்ணெய் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், இட்லிப் பானையைத் திறந்த மாதிரி! உள்ளே காற்று அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அந்த மூடியில் காற்று வெளியே போகச் சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அழுக்கைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு துளையைக்கூடக் காணோம். எல்லாவற்றையும் ஏதோ கட்டியாக அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மஞ்சளாக வந்தது, அதன் மேல் சிவப்பு.

அலமேலு அதை மோந்து பார்த்தாள்.

"ஐயையோ, இது நான் வெச்ச சந்தனங்க! ஆயுத பூஜை அன்னிக்கு வெச்சது!"

"இங்க எதுக்கும்மா வெச்ச?"

"வண்டிக்கு அதானே வாயி? வெளக்கு, சக்கரம் எல்லாத்துக்கும் வெச்சுட்டு வாய்க்கு வெக்காம உடுவாங்களா?"

தாராளமாகவே வைத்திருந்தாள். எஞ்சின் சூட்டில் அது செங்கல்லாக இறுகிவிட்டது. மூச்சு விட வழியில்லாத எஞ்சின், கிடைத்த சந்து பொந்தெல்லாம் எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. அலமேலு தன் கொண்டை ஊசியை உருவினாள். ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தாள். நான் மூடியைப் பெட்ரோலில் அலசினேன். எண்ணெயை அளவுக் கம்பியின் கோடு வரை நிரப்பிக்கொண்டு, பருத்திப்பட்டு ஏரியைத் தொட்டபடி ஆறு மைல் ஓட்டினோம். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அதைப் பார்க்க எனக்குக் கண் வந்தது.

சேக்காட்டில் சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் தாளில் இரண்டே சொட்டு. பழைய காருக்கு அது பாவமில்லை. எண்ணெய் கோட்டிலிருந்து இறங்கவில்லை. முருகேசன் வெற்றிலை போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்ளே, இத்த வித்துட்டு ஒரு சோடி மாடு வாங்கிக்கினா இன்னா?"

நான் வாய் திறக்குமுன் அலமேலு, "அதெல்லாம் விக்கறதுக்கு இல்லண்ணா," என்றாள். என் சந்தோஷத்தை மறைக்க நான் போய்ச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: பூந்தமல்லியிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் ஏரிப் பக்கம் ஓரம் கட்டாதீர்கள், புதையும். எண்ணெய் குறைந்தால் முதலில் புகையைப் பாருங்கள், பிறகு தாளை விரியுங்கள், மூடியின் துளைகளையும் பாருங்கள். எஞ்சினைப் பிரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. வீட்டில் யாருக்காவது கொண்டை ஊசி இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.

கிளம்பும்போது முருகேசனின் மனைவி குங்குமச் சிமிழோடு வந்து, எஞ்சினை மூடியிருக்கும் முன்மூடியைத் திறக்கச் சொன்னாள். அலமேலு ஓடிப்போய் அதன் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நெத்திக்கு மட்டும் வெய்யி அண்ணி. வாயி மூச்சு உடட்டும்."