முதல் பதிலை நம்பிய கொளஞ்சி சார்

ஸ்ரீமுஷ்ணத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே ஒரு அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுடைய லட்டு உடைந்து இரண்டாகியிருந்தது. "அவனுக்கு ரெண்டு, எனக்கு மட்டும் ஒண்ணா?" என்று தங்கை ஊரைக் கூட்டினாள். அழுகையை நிறுத்த அவள் அம்மா அவளுடைய லட்டையும் உடைத்து வைத்தாள். இதைக் கொளஞ்சி சாரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அவர் காலையில் காலமாகிவிட்டார் என்ற செய்தி அதில் வந்து கிடந்தது. இலையை மூடிவிட்டு விருத்தாசலம் பஸ் ஏறினேன்.

நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் அவர் குழந்தை உளவியல் நடத்தினார், நான் தமிழ். அவரிடம் படித்தவர்கள் இதை வாசிக்கும்போது கையில் டம்ளர் இருந்தால் தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள். நமக்கு டம்ளர் என்றால் தண்ணீர் குடிக்க. அவருக்கு அது ஆராய்ச்சி. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அகல டம்ளர் பாயசத்தை ஒல்லி டம்ளரில் ஊற்றி, எதில் அதிகம் என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத்தான் மொய் எழுதப் போவார். ஏழு வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு உருவம் மாறினால் அளவும் மாறியதாகத்தான் தோன்றும் என்பது அவர் நடத்திய பாடம். அதை வகுப்பில் நடத்திவிட்டு வெளியே வந்து, "எனக்கு இதுல சந்தேகம் இருக்குது மேடம்" என்பதும் அவரேதான்.

விருத்தாசலம் செராமிக் யூனிட்டுகளில் கேட்டு வாங்கிய வெள்ளைக் களிமண்ணை உருண்டையாகப் பிடித்து ஒரு சில்வர் டப்பாவில் வைத்திருப்பார். அதே மாதிரி இன்னொரு டப்பாவில் மதியச் சாப்பாடு. ஒருநாள் டப்பா மாறிப்போய், "இன்னிக்கி கொழுக்கட்ட கொஞ்சம் கெட்டியா இருக்குது" என்றார். பாதியைக் கடித்த பிறகு சொன்னார்.

என் மகள் கயல்விழி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போகுமுன் அறிவுத்திறன் சோதனை என்று ஒன்று வைத்தார்கள். இரண்டு களிமண் உருண்டைகளைக் காட்டி, இரண்டும் ஒரே அளவா என்று கேட்பது. பிறகு ஒன்றைப் பாம்பு மாதிரி நீட்டி உருட்டிவிட்டு அதே கேள்வியைக் கேட்பது. பாம்பில்தான் அதிகம் என்று சொல்லியிருக்கிறாள். "புள்ள கொஞ்சம் ஸ்லோ. இன்னொரு வருசம் யூ.கே.ஜி.யிலயே இருக்கட்டும்" என்று தாளாளர் முடித்துவிட்டார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் மேலே போக, இவள் மட்டும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். ஊர் வாய்க்கு இவள் காலம் முழுக்க மக்குதான். நான் ஓய்வறையில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலமே சார் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு உருண்டைகளை வைத்து, ஒன்றைப் பாம்பாக உருட்டி முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒரே ஒரு முறை, "இப்ப எதுல பாப்பா அதிகம்?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் ஸ்கூல்ல மாத்திச் சொன்ன?"

"மொதல்ல ஒண்ணுன்னுதான் சொன்னேன். மிஸ்ஸு திருப்பியும் அதையே கேட்டாங்க. அப்ப நான் சொன்னது தப்புதான?"

சார் எழுந்து நின்றுவிட்டார். நம் வகுப்பறை வழக்கம் நமக்குத் தெரியாதா? பதில் சரி என்றால், "உக்காரு." தப்பு என்றால் அதே கேள்வி இன்னொரு முறை வரும். அதைக் கண்டுபிடித்த பிள்ளையைத்தான் மந்தம் என்றார்கள். "கேக்கத் தெரியாம கேட்டுட்டு, புள்ளைக்கு அறிவில்லன்றாங்க மேடம்" என்றார்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார்.

"சார், உங்க பேரு என்னங்க?"

"சுந்தரமூர்த்தி."

சார் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு நிதானமாக, "உங்க பேரு என்னங்க?"

"எஸ். சுந்தரமூர்த்தி. எம்.எஸ்சி., எம்.எட்."

"உங்க பேரு என்னங்க சார்?"

தாளாளர் என்னைப் பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "வூட்டுல மூர்த்தின்னு கூப்புடுவாங்க" என்றார் தணிந்த குரலில். கை சட்டைப் பையிலிருந்த வாக்காளர் அட்டைக்குப் போனது.

"நீங்களும் இன்னொரு வருசம் யூ.கே.ஜி.யில இருக்கீங்களா சார்?"

கயல்விழி ஒன்றாம் வகுப்பு போனாள். அதன்பின் மேதையாகி ஊரைக் கலக்கினாள் என்றெல்லாம் எழுத ஆசைதான். கணக்கு அவளுக்குக் கடைசிவரை சுமார். இன்று புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று ஒரு தடவைதான் கேட்பாளாம்.

அன்றிலிருந்து சார் யாரையும் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை என்று முடிவெடுத்தார். இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரும் அவருடைய சொந்தக்காரர்கள். "காப்பி சாப்புடுறீங்களா?" என்பார். அவர்கள் முறைப்படி, "இருக்கட்டுங்க, வேணாம்" என்பார்கள். அத்தோடு சரி. "அவுரு வூட்டுல ஒரு வா காப்பித்தண்ணி கெடைக்காது" என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் மனைவி அதற்கும் மேலே. ஒருநாள் கோபத்தில் சார் சாப்பாடு வேண்டாம் என்றிருக்கிறார். அந்த அம்மாள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். "மொதல்ல சொன்னதத்தான் நம்பணும்னு அவருதான மேடம் சொன்னாரு?" என்று என்னிடம் சிரித்தார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். தண்ணீரைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"நல்லா இருக்கேன் மேடம்."

வேறு யாராக இருந்தாலும், "நெசமாத்தானா?" என்று கேட்டிருப்பேன். கேள்வி வாய்வரை வந்துவிட்டது. சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை கேட்டிருந்தால் பதிலை மாற்றியிருப்பார். மாற்றிச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "சரிங்க சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

அவர் எனக்குச் சொன்ன கடைசி பதில் அதுதான். அதை அப்படியே வைத்திருக்கிறேன்.