அந்திக்கு வாங்கிய சப்பாத்து

ஆஸ்பத்திரியில் தாதியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு காலை கஹவத்தை டவுனில் சப்பாத்து வாங்கப் போனேன். வார்டில் நிற்பதற்கு என்றேன். ஒரு சோடி காலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. விற்கும் பெண்ணோ, “இப்ப வாங்காதீங்க மிஸ். வேலை முடிஞ்சு அந்திக்கு வந்து போட்டுப் பாருங்க,” என்றாள்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று இளக்காரமோ என நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் மனமில்லாமல் அங்கேயே போனேன். வீங்கிய காலில் அதே சோடி ஏறவில்லை. அவள் பெரிய அளவொன்றை எடுத்து, குனிந்து மாட்டிவிட்டாள். அவளுடைய பாதங்களும் வீங்கியிருந்தன. செருப்பு வார் ஆழப் பதிந்திருந்தது.

“நாங்களும் காலைல இருந்து நிக்கிறதுதானே மிஸ்,” என்று சிரித்தாள்.

நான் எழுந்து, அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். “நேத்து கோவிச்சுக்கிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க,” என்றேன்.

அக்கறையை அவமதிப்பாக எடுத்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.