பன்னிரண்டு அறைகளும் ஒத்திகை முகவரியும்

மாதேஸ்வரன் மலையில் என் தாய்மாமாவுக்குப் பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதி இருக்கிறது. பாலாறு தாண்டி, மேட்டூர்ப் பக்கமிருந்து அமாவாசைக்கு வருகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். போனில் "ரூம் இருக்குது, வாங்க" என்று அவர் சொன்னால் அறை இருக்கும். அந்த வாக்கை இணையத்தில் ஏற்றுகிறேன் என்று கிளம்பியவன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நகரத்தில், ஹெப்பாள் பக்கம், மென்பொருள் வேலை பார்க்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது.

ஜாவாஸ்கிரிப்டில் முன்பதிவுப் பக்கம் ஒன்றை எழுதி, அதற்கு வேண்டிய சகலத்தோடும் கன்டெய்னர் என்கிற ஒரு மென்பொருள் டப்பாவில் அடைத்தேன். எந்தக் கணினியில் வைத்தாலும் அது அப்படியே ஓடும். பதிவுகள் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது போன்ற, இடத்துக்கு இடம் மாறும் விஷயங்களை மட்டும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். என்னிடம் ஒத்திகைக்கு ஒரு முகவரியும் நிஜத்துக்கு ஒரு முகவரியும் இருந்தன. அமாவாசைக்கு முந்தின வாரம், மதியச் சாப்பாட்டுக்கு முன், ஒத்திகை முகவரியை எடுத்துவிட்டு நிஜத்தைப் போட்டேன். கன்டெய்னரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். திரையில் பச்சை விளக்கு வந்ததும் சாப்பிடப் போய்விட்டேன்.

வாடிக்கையாளரின் போனில் ஓடும் பகுதி, பக்கத்தைத் தயாரிக்கும்போதே முகவரியை உள்ளே விழுங்கிவிடும். பிறகு வெளியில் எதை மாற்றினாலும் அதற்குத் தெரியாது. நான் செய்தது வெந்த இட்லிக்கு உப்புப் போட்ட கதை. முழுவதையும் புதிதாகத் தயாரித்திருக்க வேண்டும். எனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இதைச் செய்திருந்தால் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியும்.

ஐந்து குடும்பங்கள் பதிவு செய்தன. ஐந்து பதிவுகளும் ஒத்திகை முகவரிக்கே போயின. பதிவுகளைப் பார்க்க மாமாவுக்கு நான் கொடுத்திருந்த திரை காலியாகவே இருந்தது. அமாவாசையன்று அவர் நேரில் வந்தவர்களுக்குப் பன்னிரண்டு அறைகளையும் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது கூப்பிட்டார்.

"மாப்ள, அஞ்சு குடும்பம் வந்து வாசல்ல நிக்கறாங்க. ரூம் உண்டுன்னு அவங்க போன்ல வந்துருக்குது. முட்டி ஆபரேசன் பண்ணுனவரு ஒருத்தரு படியில உக்காந்துட்டாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

வெட்கமாக இருந்தது. அதனால் நிறையப் பேசினேன். கன்டெய்னர், முகவரி, ஒத்திகை எல்லாவற்றையும் விளக்கினேன். போனில் மாமாவுக்குப் பின்னால் அத்தை அவர்களுக்காக வீட்டை ஒழித்துப் பாய் விரிக்கிற சத்தமும், என்னைத் திட்டுகிற சத்தமும் கேட்டன.

"எல்லாஞ் சரி மாப்ள," என்றார் மாமா. "மாத்துன பொறவு நீயே ஒரு ரூம் போட்டு, எனக்கு வந்துச்சான்னு ஒரு வார்த்தை கேட்டயா?"

கேட்கவில்லை.

மறுநாளே சரியாகச் செய்துவிட்டேன். மாமா பழையபடி போனில்தான் அறை கொடுக்கிறார். நான் எழுதிய பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பச்சை விளக்கோடு.