பத்து மணித் தண்ணீர்

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குளத்தில் எவ்வளவு கழிவுநீர் விடலாம் என்று வரம்பு விதித்த கோப்பில் என் கையெழுத்து இருக்கிறது. குளத்தின் மேல்கரையில் ஒரு அரிசி ஆலை. நெல்லை ஊறவைத்து அவித்த பிறகு மிஞ்சும் தண்ணீர் ஓடை வழியாகக் குளத்துக்கு வரும். உரிமையாளர் ஆலையைப் பெரிதாக்க அனுமதி கேட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீரைக் குளம் தாங்கும் என்று பார்த்துச் சொல்லும்படி அரசு அலுவலகம் கேட்டது. அந்த வேலை நான் இருந்த தனியார் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. வேதியியல் படித்த நான்தான் அங்கே தண்ணீர் எடுப்பவளும் சோதிப்பவளும்.

கோடையில், தண்ணீர் வற்றியிருக்கும் நாட்களில், ஏழு நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். அதுவும் விடிவதற்கு முன். ஆலைக் கழிவு அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும்; அது குறைந்தால் மீன் சாகும். பகலில் வெயில் பட்டால் பாசியும் கொடியும் தண்ணீரில் ஆக்ஸிஜனை விடும். இரவு முழுக்க மீனும் பாசியும் சேர்ந்து அதைக் குடித்துத் தீர்க்கும். ஆகவே ஒரு குளத்தின் உண்மையான நிலைமை தெரிவது கிழக்கு வெளுக்கும் நேரத்தில்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள் என் பள்ளித்தோழியும் அவள் கணவரும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். முதல் இரண்டு நாளும் அவள் எனக்கு முன்பே வந்து மடையருகே நின்றாள். நான் முழங்கால் தண்ணீரில் இறங்க, அவள் டார்ச் பிடித்தாள். பாட்டிலில் இரண்டு மருந்து சொட்டினால், ஆக்ஸிஜன் நிறைய இருக்கும் தண்ணீர் காப்பித்தூள் நிறத்துக்குக் கலங்கும். இரண்டு நாளும் நிறம் வெளிறித்தான் இருந்தது. என்னது என்று கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

மூன்றாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல். கணவர் மஸ்கட்டில். பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டுவிட்டு நான் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. வெயில் சுள்ளென்று அடித்தது. பாட்டிலில் நல்ல காப்பி நிறம். தாளில் நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் ஐந்தரை என்று எழுதினேன்.

மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. கோடை விடுமுறை இன்னும் தொடங்காததால் மகள் பள்ளிக்குப் போனாள். நான் விடியற்காலையில் போயிருக்கலாம். போகவில்லை. பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து, வீட்டு வேலையை முடித்து, சாவகாசமாகப் பத்து மணிக்கே போனேன். மிச்ச நாட்களும் அப்படித்தான். காய்ச்சல் வந்த அன்று காலையிலேயே தோழியிடம் இனி நீ வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். ஐந்து நாளும் தாளில் ஐந்தரை.

ஆய்வுக்கூட உரிமையாளர் எண்களைப் பார்த்துவிட்டு, ஐந்து நாள் ஒன்றுபோல இருக்கிறது, முதல் இரண்டு நாள் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்காது.

"முதல் ரெண்டு நாளும் பாட்டில்ல ஏதோ குளறுபடி ஆயிருக்கும் சார்," என்றேன்.

அவர் அந்த இரண்டு எண்களையும் அடித்துவிட்டார். ஏழு நாளில் சரியாக எடுத்தது அந்த இரண்டு நாள்தான்.

வரம்பு வந்தது. ஊராட்சி அலுவலகத்தில் அதை வாசித்தார்கள். தாராளமான வரம்பு. சிலர் முணுமுணுத்தார்கள். தோழி அவர்களிடம், சோதனை போட்டது நம்ம பிள்ளைதான், அவ பாத்தா சரியாத்தான் இருக்கும் என்று சொன்னாளாம். அதை அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் பேச்சை மாற்றினேன்.

அடுத்த கோடையில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அவள் அழைத்தாள்.

"ஏட்டி, ஒண்ணு வந்து பாரு. மீனெல்லாம் செத்து மெதக்குது."

போனேன். மடை ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு. கட்லா, ரோகு, கெண்டை. உயிரோடிருந்த சில மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் திறந்து மூடின. அவள் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையால் அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். நான் பாட்டிலில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டேன். நிறமே வரவில்லை. பால்போல் வெள்ளையாக நின்றது.

வெயில் கூடுதல், தண்ணீர் குறைவு, அதனால் இருக்கலாம் என்று அவர்களிடம் சொன்னேன். அன்று அந்தக் கரையில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னதுதான், யோசிக்கும்போது, மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கேவலமாகப் படுகிறது.

ஊரார் ஆலையை முற்றுகையிட்டார்கள். உரிமையாளர் கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். அனுமதித்த அளவுக்கு ஒரு குடம்கூட அதிகமாக விடவில்லை என்றார். அது நிஜம்தான். அவரைத் திட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரம் கழித்து, வரம்பு விதித்த அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு எடுத்தேன், எந்த எண்கள் சரி என்று எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பொறியாளர் அம்மா இரண்டு தடவை வாசித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மறுபடி சோதிக்க ஆள் அனுப்பினார். ஆய்வுக்கூடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகே தோழியிடம் போனேன். வீட்டுக்குப் பின்னால் வலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே முழுவதும் சொன்னேன். அவள் வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"அந்த ரெண்டு நாளும் நான் கூட நின்னேன்லா. அதையா தப்புன்னு சொன்ன?"

ஆமாம் என்றேன்.

"ஆபீசுல சொல்லுததுக்கு முந்தி எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

முன்பின் தெரியாதவர்களிடம் ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்தது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது வரம்பு மாறிவிட்டது. கோடை மூன்று மாதமும் ஆலை ஒரு சொட்டும் குளத்தில் விடக் கூடாது. மற்ற மாதங்களில் தொட்டியில் தேக்கிச் சுத்தம் செய்துதான் விட வேண்டும். விடிகாலையில் எடுத்த தண்ணீரை வைத்துப் போட்ட கணக்கு. குளம் தேறி வருகிறது என்கிறார்கள். குத்தகை வேறு ஒருவர் கையில் இருக்கிறது. தோழியின் கணவர் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவள் முந்திரி ஆலைக்குப் போகிறாள்.

போன மாதம் பேருந்தில் அவளைப் பார்த்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். என் மகள் எந்த வகுப்பு என்று விசாரித்தாள். முந்திரித்தோட்டு எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. வேலை கஷ்டமா என்று கேட்டேன்.

"பழகிப் போச்சு," என்றாள்.

அவள் இறங்கும் இடம் வந்ததும் நான் எழுந்து வழி விட்டேன்.