லூர்தெஸ் வீட்டு வெள்ளை விரிப்பு

ஜசிந்தாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் கண்ணைப் பற்றித்தான் சொல்வார்கள். எதிர்மலையில் கிளம்புகிற புழுதி டிராக்டர் கிளப்பியதா, ஆட்டுமந்தை கிளப்பியதா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள். அவள் கணவன் ஜில்பெர்தோ உயிரோடு இருந்தவரை, இவளுக்குத் தெரியாமல் ஒரு சிகரெட் பிடிக்க வேண்டுமென்றால் நான் லிஸ்பனுக்குத்தான் போக வேண்டும் என்று காபிக்கடையில் புலம்பிக்கொண்டே இருப்பான்.

அந்தக் கண்ணுக்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. ஜூன் முதல் அக்டோபர் நடுவரை, மலை உச்சியில் இருக்கும் தீக்காவல் கோபுரத்தில் அவளுக்கு வேலை. ஐம்பத்திரண்டு இரும்புப் படி ஏறினால் சுற்றிலும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. நடுவில் பாகை குறித்த வட்ட மேசை. புகை தெரிந்தால் மேசையில் கோணம் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும். நாற்பது டிகிரி வெயிலில், காட்டையே பார்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். இருபத்திரண்டு கோடையில் ஒரு புகையைக்கூட அவள் இரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டதில்லை. கணவனும் போய், மகளும் கொய்ம்ப்ரா நகரத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபின் அவளுக்கு மிஞ்சியது அந்த நாற்காலியும், அதில் உட்கார்ந்து சம்பாதித்த பெயரும்தான்.

இப்போது விரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அறுபது வீடு. பாதி வீட்டுக் கொல்லையில் ரொட்டி அடுப்பு உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யார் அடுப்பு மூட்டினாலும் இவள் புகையைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கிழவி ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள். வண்டிக்காரர்களும் திட்டினார்கள், கிழவிகளும் திட்டினார்கள். அப்போது ஊர்த் துவைகல்லில் வைத்து ஒரு யோசனை பிறந்தது. அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கொல்லைக் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட வேண்டும். முதலில் விரிப்பு, அப்புறம் நெருப்பு. விரிப்பைப் பார்த்தால் 'இது எங்கள் அடுப்பு' என்று அர்த்தம், ஜசிந்தா வண்டியைக் கூப்பிட மாட்டாள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் ஊர்த் தலைவர் அமாதேயுவின் மனைவி வரைக்கும் எல்லோரும் தொங்கவிட்டோம். யோசனை சொன்னது யார் என்கிறீர்கள்? லூர்தெஸ்.

லூர்தெஸும் ஜசிந்தாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஜசிந்தாவின் மகளுக்கு லூர்தெஸ்தான் ஞானத்தாய். ஜில்பெர்தோ செத்த வாரம் முழுக்க அவள்தான் சூப் வைத்து எடுத்துவந்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தாள். இதையெல்லாம் சொல்லவில்லை என்றால் பின்னால் நடந்ததன் வலி உங்களுக்குப் புரியாது.

அந்த வருடம் ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து வெயில் இறங்கவே இல்லை. ஸ்பெயின் பக்கத்திலிருந்து கிழக்குக் காற்று வீச ஆரம்பித்தது. அது வீசினால் காலையில் போட்ட ரொட்டி மதியத்துக்குள் விறகாகிவிடும். யூகலிப்டஸ் மரங்கள் பட்டையை உரித்துத் தரையெல்லாம் கொட்டின. பைன் காட்டுப் பக்கம் போனால் பிசின் வாசம் மூக்கை அடைத்தது. கோபுர அறையில் நாற்பத்துநான்கு டிகிரி என்றாள் ஜசிந்தா. வெளியே எந்த நெருப்பும் கூடாது, தேன்கூட்டுக்குப் புகை போடக் கூடாது, இரும்பு வட்டத்தகடு போட்ட புல்வெட்டியை எடுக்கக் கூடாது, திருவிழாவுக்கு வாணம்கூடக் கிடையாது என்று உத்தரவு வந்தது. ஜசிந்தாவும் காலையில் ஊருக்கு வரும் ரொட்டி வண்டிக்கு முன்னால் எங்களையெல்லாம் நிறுத்தி, இனிமேல் விரிப்பும் செல்லாது, புகை தெரிந்தால் தீயணைப்பு வண்டிதான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மாதா திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு லூர்தெஸ் ஜசிந்தா வீட்டு வாசலில் வந்து நின்றாள். மகன் பிரான்ஸிலிருந்து ஆறு வருடம் கழித்து வருகிறானாம். சிவப்பு வைனில் ஊறவைத்த ஆட்டுக்கறியைக் கறுப்பு மண்பானையில் போட்டு விறகடுப்பில் வைக்காவிட்டால் அது என்ன திருவிழா என்று கேட்டாள்.

"ஒரே ஒரு பானைடி. உன் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிகிட்ட கையில ஏந்தினவ கேக்குறேன்."

ஜசிந்தா யோசித்தாள். வெயிலுக்கு முன்னால், காற்று கிளம்புவதற்கு முன்னால் என்றால் பரவாயில்லை என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

"விடிகாலைல மூட்டு, ஒம்பது மணிக்கு அணைச்சிரு. பெட்ஷீட்டை மறந்துராத. உனக்காகத்தான்டி, வேற எவளுக்கும் சொல்லாத" என்றாள்.

திருவிழாவுக்கு முந்தைய நாள். விடியற்காலையில் லூர்தெஸ் வீட்டுக் கொல்லையில் ஒன்றும் காணோம். புகையும் இல்லை, விரிப்பும் இல்லை. மனசு மாறிவிட்டாள்போல என்று ஜசிந்தா நினைத்தாள். காலை பத்து நாற்பதுக்கு அந்த வீட்டுப் பின்பக்கம் மெல்லிசாகப் புகை எழுந்தது. ஜசிந்தா வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தாள். எடுத்தபடியே பைனாகுலரில் பார்த்தாள். லூர்தெஸ் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவருகிறாள். கையில் வெள்ளை விரிப்பு. அவசர அவசரமாகக் கொடியில் போட்டு இரண்டு பக்கமும் கிளிப் மாட்டுகிறாள். மாட்டிவிட்டு நேராகக் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டுகிறாள்.

அந்தக் கையாட்டலைத்தான் ஜசிந்தாவால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

தாமதமாக மூட்டியிருக்கிறாள், விரிப்பையும் மறந்து இப்போதுதான் போடுகிறாள், மடச்சி என்று திட்டிக்கொண்டே வயர்லெஸ்ஸைக் கீழே வைத்தாள். புகை கொஞ்சம் பழுப்பாகத்தான் தெரிந்தது. ஈர விறகாக இருக்கும் என்று எண்ணினாள். அடுப்பு இருக்கும் இடத்துக்கும் புகைக்கும் மேசையில் இரண்டு பாகை வித்தியாசம் காட்டியது. காற்று தள்ளுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். இருபத்திரண்டு வருடம் மேசையை நம்பியவள் அன்றைக்குச் சிநேகிதியை நம்பினாள். புகை கறுத்துச் சுருண்டு பைன் காட்டுக்குள் புகுந்த பிறகுதான் வயர்லெஸ்ஸில் சொன்னாள். அதற்குள் பதினான்கு நிமிடம் போயிருந்தது.

நடந்தது இதுதான். மகன் வந்தால் காரை நிறுத்த இடம் வேண்டும் என்று லூர்தெஸின் கணவன் ஃபௌஸ்தோ, தடைசெய்த அதே இரும்புத் தகட்டுப் புல்வெட்டியால் கொல்லைக்குப் பின்னால் காய்ந்த புல்லை வெட்டினான். தகடு கல்லில் பட்டுப் பொறி பறந்தது. வண்டி வந்தால் போலீசும் வரும், வழக்கு வரும். ரப்பர் குழாயை வைத்து நாமே அணைத்துவிடலாம் என்று அவன் தண்ணீரைப் பீய்ச்சினான். அதுவரை கோபுரத்தின் வாயை அடைக்க லூர்தெஸ் விரிப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மூன்று நாள் எரிந்தது. மலையின் தெற்குச் சரிவில் ஒரு மரம் மிஞ்சவில்லை. ஆள் இல்லாத இரண்டு வீடு போனது. தீயணைப்புத் தொண்டர் வால்தெமார், கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகாதவன், இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தப் பதினான்கு நிமிடம் எங்கே போனது என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஜசிந்தா லூர்தெஸ் வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். தலைவலி, படுத்திருக்கிறாள் என்று ஃபௌஸ்தோ கதவைப் பாதி திறந்து சொன்னான். இருந்தாலும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. பயந்துபோயிருக்கிறாள், விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். அப்படி ஒரு நம்பிக்கை!

விசாரணை ஊராட்சி மண்டபத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஜசிந்தா ஒன்றையும் மறைக்கவில்லை. விரிப்பு வழக்கத்தைச் சொன்னாள், தான் கொடுத்த அனுமதியைச் சொன்னாள், புகைக்குப் பிறகுதான் விரிப்பு வந்தது என்பதையும் அந்தக் கையாட்டலையும் சொன்னாள். தன் மேலும் தப்பு இருக்கிறது, அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள் என்றாள். அடுத்து லூர்தெஸைக் கூப்பிட்டார்கள். புதுக் கவுன் போட்டு, தலை சீவி வந்திருந்தாள்.

"துணி காயப்போட்டேன் சார். வேற என்ன? கொடியில துணி காயப்போடுறது குத்தமா?" என்றாள்.

அடுப்பு மூட்ட அனுமதி கேட்டீர்களா என்றார் அதிகாரி. இந்த வெயிலில் யாராவது அடுப்பு மூட்டுவார்களா என்று அவரையே திருப்பிக் கேட்டாள். ஃபௌஸ்தோ மின்கம்பியைக் கைகாட்டினான், கம்பியிலிருந்து பொறி விழுந்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தான். புல்வெட்டியை அவன் அதற்குள் எந்தக் கிணற்றில் போட்டானோ.

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் என்னவென்று ஜசிந்தா அன்றைக்குத்தான் கண்டாள். ஆனாலும் அவள் உடைந்துவிடவில்லை. எழுந்து எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அவ கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க. பெட்ஷீட்டு போடுற வழக்கம் நம்ம ஊருல உண்டா, இல்லையா?"

அமாதேயுவின் மனைவி கைப்பையில் எதையோ தேடினாள். அமாதேயு, தனக்கு அப்படி எதுவும் தெரியாது என்றார். அதற்குள் ஊருக்குள் ஒரு பேச்சு சுற்றியிருந்தது. வழக்கம் உண்டு என்று ஒப்புக்கொண்டால், தடை நாளில் அடுப்பு மூட்டிய வீடு ஒவ்வொன்றின் மேலும் வழக்கு வருமாம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இதைச் சொல்கிற நானும் அங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடம் விரிப்பைத் தொங்கவிட்டு ரொட்டி சுட்டுத் தின்றவள் நான். என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லாத வழக்கத்தைக் கட்டிவிட்டுத் தன் தூக்கத்தை மறைக்கப் பார்த்தாள் என்று அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். வேலை போனது. தூங்கினாளாம்! ஜசிந்தா தூங்கினாளாம்! அதைக் கேட்டு வால்தெமாரின் மனைவி ரொட்டி வண்டிக்கு முன்னால் அவள் முகத்துக்கு நேரே காறித் துப்பினாள். அப்போதும் நாங்கள் ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

செப்டம்பர் முதல் வாரம், கோபுரத்துச் சாவியையும் பைனாகுலரையும் ஒப்படைக்கும் நாள். ஜசிந்தா கடைசியாக ஒரு தடவை படியேறினாள். வெயில் அப்போதும் விடவில்லை. கறுத்த சரிவைப் பார்க்க மனசு வராமல் ஊரைப் பார்த்தாள். எரிந்த மலையிலிருந்து சாம்பல் பறந்து வந்து எல்லாவற்றிலும் படிந்ததால் எல்லா வீட்டிலும் தினமும் துவைத்துக்கொண்டிருந்த சமயம் அது. கொடிகள் நிறைந்து தொங்கின. சட்டை, துண்டு, திரைச்சீலை, நீலம், பச்சை, பூப்போட்டது. ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அறுபது வீட்டில் ஒரு வெள்ளை விரிப்பு இல்லை.

ஊர் வெள்ளை விரிப்பில் படுப்பதை விட்டுவிட்டதா என்ன? எல்லோரும் வீட்டுக்குள் நாற்காலி மேல் போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அவரவருக்கே தோன்றியது. அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று சொன்ன ஊர், அந்த வழக்கத்துக்குப் பயந்து விரிப்பை ஒளித்துவைத்திருந்தது. ஜசிந்தா சத்தமாகச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் மேசையில் தலைவைத்து அழுதாள். சாவி வாங்க வந்த ஆள்தான் இதை எங்களிடம் வந்து சொன்னான்.

மறுநாள் அவள் வீட்டிலிருந்த நான்கு வெள்ளை விரிப்பையும் துவைத்தாள். கொல்லையில் போடவில்லை. வாசலில் தெருவை ஒட்டிக் கயிறு கட்டி அங்கே போட ஆரம்பித்தாள். நான் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். மூன்றாவது விரிப்பைப் போடும்போது லூர்தெஸ் வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"இதையெல்லாம் உள்ள எடுத்துப் போடுடி. ஊரே பாக்குது. எதுக்கு இப்படி மானத்தை வாங்குற?"

ஜசிந்தா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்து விரிப்பில் மாட்டினாள்.

"துணி காயப்போட்டேன். வேற என்ன?"

லூர்தெஸ் அதற்குமேல் நிற்கவில்லை. நான்கு விரிப்பும் அன்றிலிருந்து அங்கேதான். சாம்பல் படிந்து கறுத்தால் எடுத்துத் துவைத்து, திரும்பவும் அதே கயிற்றில் போட்டுவிடுகிறாள். அவள் வீடு இருப்பது மாதா கோவில் தெருவில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக எங்களுக்கு வேறு வழி கிடையாது.