றிஸ்னஸ் என்றொரு பெயர்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனையில் ஒரு பேக்கரியில் நடந்ததைச் சொல்லுமுன், நான் நம்பியிருந்தவை:

1. குழந்தைக்கு நல்ல பொருளுள்ள பெயர் வைப்பது பெற்றோரின் கடமை.
2. வாப்பாவின் பெயரில் பாதியையும் உம்மாவின் பெயரில் பாதியையும் ஒட்டினால் பெரும்பாலும் பொருள் வராது.
3. இதை இளம் தகப்பன்மாரிடம் சொன்னால் கோபிப்பார்கள்.

பாண் வாங்க நின்றேன். பக்கத்தில் எங்கள் தெரு றிஸ்வான். நாளை அவருடைய மகளுக்குப் பெயர் வைத்து விருந்து கொடுக்கும் அகீகா. கேக்கில் எழுதப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"றிஸ்னஸ்."

மனைவியின் பெயர் நஸ்ரினா.

வாத்தியாரான என்னைக் கண்டதும், "சேர், பேர் எப்பிடி? அறபுல என்ன கருத்து வரும்?" என்றார்.

பொய் சொல்லவும் பயம், உண்மை சொல்லவும் பயம்.

"எனக்குத் தெரிஞ்ச அறபுல கருத்து இல்ல தம்பி. எனக்குத் தெரியாமலும் இரிக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. உடனே மனைவிக்கு அழைத்து, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸைனப் எண்டு வைப்பம் எண்டு பிள்ள பொறந்த நாள்ல இருந்து கத்துறன். சேர் சொன்னாத்தான் உங்கட காதுல ஏறுமா?"

"ஓம், ஏறிட்டு. ஸைனப்தான்."

பிறகு என் கையைப் பிடித்து, "நாளைக்குச் சாப்பாட்டுக்கு வரணும் சேர். வராட்டி நஸ்ரினா என்னையும் உள்ள விடமாட்டா" என்றார்.

ஆகவே என் மூன்றாவது கருத்து பிழை. தகப்பன் கோபிக்கவேயில்லை.

கோபித்தவர் கேக் போடுகிறவர். அவர் 'றிஸ்' வரை எழுதி முடித்திருந்தார். பாணை என்னிடம் நீட்டும்போது முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நாளை முதல் நான் எங்கே பாண் வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.